துடைப்பம் ஏந்திய தலைவர்களும் கூலி கேட்ட தொழிலாளர்களும்

ஹைதராபாத் தெருக்களில் 2015-ஆம் ஆண்டு மே 16 முதல் ஐந்து நாள்களுக்குத் துடைப்பத்துக்குப் பஞ்சமிருக்கவில்லை. "ஸ்வச் ஹைதராபாத்" என்ற பெயரில் தெலங்கானா அரசு நடத்திய தூய்மை இயக்கம் அது. நகரம் நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு பிரமுகரின் பொறுப்பில் விடப்பட்டது. ஆளுநர் நரசிம்மனும் முதல்வர் சந்திரசேகர ராவும் முன்னின்றனர். அமைச்சர்கள், அதிகாரிகள் ஆகியோருடன் பொதுமக்களும் தாமாக முன்வந்து குப்பை அள்ளினர்.

அந்த இயக்கம் முடிந்து ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை. ஜூலை 6-ஆம் தேதி தெலங்கானா நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஹைதராபாத்தின் தெருமுனைகளில் குப்பை மலிந்தது. ஜூலை 16-ஆம் தேதி முதல்வர் இறங்கி வந்தார். மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளியின் மாத ஊதியம் ரூ.8,500-லிருந்து ரூ.12,500 ஆக உயர்த்தப்படும் என்று அறிவித்தார். ஏறத்தாழ 47 சதவீத உயர்வு. அதன் பிறகும் போராட்டத்தைக் கைவிடாத தொழிலாளர்களில் பலர் வேலையிழந்தனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆக, ஐந்து நாள் இயக்கத்தில் எவர் காதிலும் விழாத ஊதியக் கோரிக்கை, பத்து நாள் வேலைநிறுத்தத்தில் அரசின் காதில் விழுந்தது. அந்த மாநகரத்தைச் சுத்தமாக வைத்திருந்தது யார் என்பதும் அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

தெலுங்கு மண்ணுக்குச் சிரமதானம் புதிதல்ல. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1997 ஜனவரி 1-ஆம் தேதி அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடு "ஜன்மபூமி" திட்டத்தைத் தொடங்கினார். தென் கொரியாவின் "சேமாவுல்" இயக்கத்தை முன்மாதிரியாகக் கொண்ட அத்திட்டத்தில் மக்களின் உடலுழைப்பு ஒரு முக்கிய அம்சம். ஆட்சிகள் மாறின, மாநிலமே இரண்டாகப் பிரிந்தது. ஆனால் மக்களைத் துடைப்பத்தோடு தெருவுக்கு அழைக்கும் ஆசை மட்டும் கட்சி வேறுபாடின்றித் தொடர்ந்தது.

தலைநகரமும் இதற்கு விலக்கல்ல. 1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள், அங்கு நாறிக்கிடந்த கழிவறையைத் தாமே கழுவினார். படம் எடுக்க யாரும் நிற்கவில்லை. அவரது பிறந்த நாளில் 2014-இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டது. மறு மாதமே தில்லியில் ஒரு நிகழ்ச்சி. தலைவர்கள் பெருக்குவதற்காக முன்கூட்டியே சருகும் குப்பையும் கொண்டுவந்து கொட்டப்பட்டது புகைப்படங்களில் அம்பலமானது. 2019 ஜூலை 13-ஆம் தேதி நாடாளுமன்ற வளாகத்தில் எம்.பி.க்கள் துடைப்பம் பிடித்தபோது, ஹேமமாலினியின் துடைப்பம் தரையைத் தொடவே இல்லை என்று நாடே நகைத்தது. தொட்டிருந்தாலும் பெரிதாக எதுவும் கிடைத்திருக்காது. எம்.பி.க்கள் வருவதற்கு முன்பே கூட்டிப் பெருக்கப்பட்டுவிடும் வளாகம் அது.

இதனால் தன்னார்வப் பணியே வீண் என்று கொள்வது நியாயமாகாது. அதே ஹைதராபாத்தில் வேறு வகை உதாரணமும் உண்டு. அங்கு கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய தமிழக இளைஞர் அருண் கிருஷ்ணமூர்த்தி, மியாப்பூர் பக்கமுள்ள குருநாதம் செருவு என்ற ஏரியைத் தன்னார்வலர்களுடன் சேர்ந்து சுத்தம் செய்தார். (செருவு என்றால் தெலுங்கில் ஏரி.) பின்னர் வேலையை விட்டுவிட்டு நீர்நிலைகளை மீட்பதையே முழுநேரப் பணியாக்கிக்கொண்டார். அவர் தொடங்கிய "என்விரான்மென்டலிஸ்ட் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா" தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் ஏரி, குளங்களில் இறங்கியது. சென்னை கீழ்க்கட்டளை ஏரியை மீட்கும் திட்டத்துக்காக 2012-இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது.

தெருவுக்கும் ஏரிக்கும் உள்ள வேறுபாடு இங்கே கவனிக்கத்தக்கது. தெருவைப் பெருக்க ஊதியம் பெறும் ஒருவர் இருக்கிறார். அவரது துடைப்பத்தை ஒரு நாள் வாங்கிப் பிடிப்பதால் அவருக்கு லாபமில்லை. ஏரிக் கரைக்கு அப்படி ஒருவர் நியமிக்கப்படுவது அரிது. அங்கே தன்னார்வலரின் கை உண்மையிலேயே தேவைப்படுகிறது, அதுவும் திரும்பத் திரும்ப.

ஆனாலும் கைகளால் ஆவது ஓரளவுதான். 16-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட ஹுசேன் சாகர் ஏரியின் கரையில் பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்கலாம். அதில் வந்து கலக்கும் சாக்கடையைப் பொறுக்க முடியாது. "பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்" விநாயகர் சிலைகளை அங்கு கரைக்கக் கூடாது என்று 2021 செப்டம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாநகராட்சி மேல்முறையீடு செய்தது. தலைமை நீதிபதி ரமணா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, ஆண்டுதோறும் எழும் பிரச்சினைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதது ஏன் என்று அதிருப்தி தெரிவித்து, கடைசி வாய்ப்பாக அந்த ஓராண்டுக்கு மட்டும் அனுமதித்தது.

திடக்கழிவு மேலாண்மை யாருடைய வேலை என்பதில் சட்டத்தில் குழப்பமில்லை. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அதை நகராட்சிப் பணிகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பணியைச் செய்யச் சொல்லி 1996-இல் உச்ச நீதிமன்றப் படியேறினார் அல்மித்ரா படேல். அந்த வழக்கையொட்டியே 2000-ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. வீடு வீடாகக் குப்பை சேகரிக்க ஏற்பாடு செய்வது நகராட்சிகளின் கடமையானது.

ஹைதராபாத்தில் அந்தப் பணிக்கென 2015 நவம்பரில் "ஸ்வச் ஆட்டோ"க்கள் விடப்பட்டன. ஓட்டுநரே வண்டியின் உரிமையாளர், வங்கிக் கடனுக்கும் அவரே பொறுப்பு. அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வீதம் குடியிருப்போரிடமே வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அப்போது வகுக்கப்பட்ட ஏற்பாடு.