கடைக் கம்ப்யூட்டர் மெதுவாகிறதா? புதிது வாங்கும் முன் யோசியுங்கள்



தராசில் தூசி படிந்தால் உடனே துடைக்கிறோம். உரிய காலத்தில் முத்திரை போட்டுக்கொள்கிறோம். சரக்கு வண்டிக்கு ஆயில் மாற்றத் தவறுவதில்லை. ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் பகலெல்லாம் உழைக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும், வாங்கிய நாள் முதல் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதோடு சரி. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதனால் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் சொன்னால் மற்ற வணிகர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

மதுரை கீழமாசி வீதிப் பகுதியில் மிளகாய், மல்லி, சீரகம் முதலிய பலசரக்கு மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். எங்கள் கம்ப்யூட்டர் 2012-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாங்கியது. அப்போது பில் போடவும் பேரேடு பார்க்கவும் அது போதுமானதாக இருந்தது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. அடுத்த ஆண்டு இ-வே பில் வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயமாயிற்று. வேலை நான்கு மடங்கானது. வேலை செய்யும் பெட்டி மட்டும் அதே பெட்டிதான்.

பலன் என்ன? காலையில் சுவிட்சைப் போட்டால் பில் போடும் நிலைக்கு வர 9 நிமிடம் ஆகும். லாரியில் மூட்டை ஏற்றி, தார்ப்பாய் கட்டி, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். உள்ளே திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். வெளியூர் வாடிக்கையாளர் ஒருவர், "அண்ணாச்சி, உங்க பில்லுக்குக் காத்திருந்தா எனக்குக் கடைசி பஸ் போயிரும்" என்று அடுத்த கடைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வர மூன்று மாதமாயிற்று.

அந்தக் கோபத்தை நாங்கள் யார் மேல் காட்டினோம் தெரியுமா? 27 ஆண்டுகளாக எங்களிடம் இருக்கும் கணக்குப்பிள்ளை மேல். "என்ன கணக்குப்பிள்ளை, வயசாயிருச்சா? ஒரு பில்லுக்கு இவ்வளவு நேரமா?" என்று வேலையாட்கள் முன்னால் கேட்டோம். "நான் தட்டினது தட்டினபடி நிக்குது முதலாளி, அதுதான் வர மாட்டேங்குது" என்றார் அவர். நாங்கள் நம்பவில்லை. அவருக்குப் பதில் ஒரு இளைஞரைப் போடலாமா என்றுகூட வீட்டில் பேசினோம்.

நோய் எங்கே என்று பார்த்தோம்

கம்ப்யூட்டர் கடையில் கேட்டபோது, "இது பழசு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று 42,000 ரூபாய்க்கு விலைப்பட்டியல் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்து போகும் மெக்கானிக் ஒருவர் மட்டும், "முதல்ல எது இடிக்குதுன்னு பார்ப்போம்" என்றார். அவர் காட்டிய முறையை எல்லோரும் செய்து பார்க்கலாம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பிராசசர், மெமரி, டிஸ்க் ஆகியவை எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்று தெரியும். சும்மா இருக்கும்போது பார்க்கக் கூடாது. பில் போடும் நெருக்கடியான நேரத்தில் பார்க்க வேண்டும்.

நம் தொழில் பாஷையில் சொன்னால், பிராசசர் என்பது வேலையாள். மெமரி என்பது கடையின் முன்கட்டு. ஹார்ட் டிஸ்க் என்பது குடோன். முன்கட்டில் இடம் இருந்தால் கேட்ட சரக்கைக் கைநீட்டி எடுத்துக் கொடுக்கலாம். இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு கிலோவுக்கும் குடோனுக்கு ஓட வேண்டும். வேலையாள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஓட்டத்திலேயே பொழுது போய்விடும். எங்கள் கம்ப்யூட்டரில் மெமரி 2 ஜி.பி. மட்டுமே இருந்தது. அது எப்போதும் நிரம்பியே கிடந்தது. டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. பிராசசரோ பாதி நேரம் சும்மா இருந்தது. குறை கணக்குப்பிள்ளையிடம் இல்லை என்பதை அன்றே திரை சொல்லிவிட்டது.

எது எதனோடு சேரும்?

கம்ப்யூட்டர் உதிரி பாகங்களில் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் காசு வீண். மெமரி அட்டையில் டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வெட்டுக்குறி வேறு இடத்தில் இருக்கும், மின்சார அளவும் வேறு. எங்கள் மகன் அவசரப்பட்டு டி.டி.ஆர்.4 வாங்கி வந்துவிட்டார். எங்கள் மதர்போர்டுக்கு டி.டி.ஆர்.3 தான் சேரும். நல்லவேளையாகக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். பழைய அட்டையைக் கையோடு கொண்டு போவதே சிறந்தது.

எத்தனை ஜி.பி. வரை போடலாம் என்பதை மதர்போர்டுதான் தீர்மானிக்கிறது. எங்களுடையது எச்61 சிப்செட் உள்ள போர்டு. அதில் இரண்டு ஸ்லாட்தான், மொத்தம் 16 ஜி.பி. வரைதான் ஏற்கும். ஒரே அளவில் இரண்டு அட்டை போடுவது நல்லது. இரண்டு வாசல் உள்ள குடோன் மாதிரி, ஏற்றுமதி இறக்குமதி வேகமாக நடக்கும். எட்டு ஜி.பி. அட்டைகள் இரண்டு வாங்கினோம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு மெமரி போட்டாலும் அது பயன்படுத்தாது. 64 பிட் வகையை ஏற்ற வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும். எங்களுடையது 32 பிட்.

பிராசசருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். எங்கள் போர்டில் உள்ளது எல்.ஜி.ஏ. 1155 சாக்கெட். அதில் இன்டெல் கம்பெனியின் 2-ஆம், 3-ஆம் தலைமுறை பிராசசர்களே உட்காரும். 2013-இல் வந்த 4-ஆம் தலைமுறைக்குச் சாக்கெட்டே வேறு. எங்களிடம் இருந்தது 2-ஆம் தலைமுறை ஐ3-2120, இரண்டு கோர் உள்ளது. பழைய சாமான் கடையில் 3-ஆம் தலைமுறை ஐ5-3470, நான்கு கோர் உள்ளது, 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது.

தேதி பார்க்காமல் இறங்கிய தவறு

2024 ஜூன் 18-ஆம் தேதி மாலை வேலையை ஆரம்பித்தோம். இருபதாம் தேதி 3பி ரிட்டர்ன் கட்ட வேண்டிய கடைசி நாள். தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிப் பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இது தெரிந்தும், "ஒரு மணி நேர வேலைதானே" என்று இறங்கினோம்.

பழைய பிராசசரைக் கழற்றி, காய்ந்து போன பேஸ்டைத் துடைத்து, ஒரு துவரம்பருப்பு அளவு புதுப் பேஸ்ட் வைத்து, புதியதை மாட்டினார் மெக்கானிக். சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. இரவு பத்து மணி வரை அப்படியே.

மறுநாள் காலையில்தான் காரணம் புரிந்தது. மதர்போர்டுக்குள் பயாஸ் என்று ஒரு அடிப்படைப் புரோகிராம் இருக்கிறது. எங்கள் போர்டு தயாரான காலத்தில் 3-ஆம் தலைமுறை பிராசசர் வரவே இல்லை. ஆகவே பழைய பயாஸுக்குப் புது ஆளைத் தெரியவில்லை. பழைய பிராசசரைத் திரும்ப மாட்டி, பயாஸைப் புதுப்பித்து, பிறகுதான் புதியதைப் போட வேண்டும். பயாஸ் மாற்றும்போது கரண்ட் போனால் போர்டே வீணாகிவிடும். யு.பி.எஸ். பாட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்தார். இந்த முறை எழுந்து நின்றது.

அடுத்து ஹார்ட் டிஸ்க்கை அழித்து 64 பிட் விண்டோஸ் ஏற்ற வேண்டும். "பேக்கப் இருக்கா?" என்று மெக்கானிக் கேட்டார். "பென் டிரைவில் இருக்கு" என்று நாங்கள் சொன்னோம். அழித்து முடித்த பிறகு பென் டிரைவைப் போட்டுப் பார்த்தால், அதில் இருந்தது 16-ஆம் தேதி இரவு வரை உள்ள கணக்கு. பதினேழு, பதினெட்டு இரண்டு நாள் கணக்கைக் காணோம்.

இ-இன்வாய்ஸ் போட்ட பில்களை அரசாங்க போர்ட்டலில் இருந்து எடுத்துவிடலாம். ஆனால் அந்த இரண்டு நாளில் லைனில் வசூலான பணம், ரொக்கக் கொள்முதல், மூட்டைக் கூலி, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் எந்தப் போர்ட்டலிலும் இல்லை. நாங்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டோம்.

அப்போது கணக்குப்பிள்ளை தம் மேஜை டிராயரைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அன்றன்று நடந்ததைக் கையால் நாள்வழி எழுதும் பழக்கத்தை அவர் விடவில்லை. "இது எதுக்கு ரெட்டை வேலை?" என்று நாங்களே பலமுறை கேலி செய்திருக்கிறோம். பத்தொன்பதாம் தேதி மாலை உட்கார்ந்து, அவர் வாசிக்க எங்கள் மகன் பதிய, இரவு பத்து மணிக்குள் இரண்டு நாள் கணக்கும் ஏறிவிட்டது. கல்லா இருப்பு பைசா பிசகாமல் நின்றது. இருபதாம் தேதி மதியம் ரிட்டர்ன் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை, எந்த வேலையாட்கள் முன்னால் அவரைக் கடிந்தோமோ அவர்கள் முன்னாலேயே, தவறு எங்களுடையது என்று சொன்னோம். "விடுங்க முதலாளி, மெஷின் சரியாயிருச்சுல்ல" என்று அடுத்த பில்லுக்குப் போய்விட்டார்.

செலவும் பலனும்

பிராசசர் 1,800, மெமரி 2,000, பேஸ்ட்டும் கூலியும் 700, ஆக 4,500 ரூபாய். ஒரு மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 1,700 ரூபாயில் எஸ்.எஸ்.டி. போட்டோம். மொத்தம் 6,200. ஒன்பது நிமிடம் மெமரி போட்டதும் மூன்று நிமிடமானது. எஸ்.எஸ்.டி. போட்டதும் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால், தொல்லை அதிகம் தந்த பிராசசர்தான் குறைந்த பலன் தந்தது. பில்லும் பேரேடும் பார்க்கும் கடைக்கு முதலில் மெமரி, இரண்டாவது எஸ்.எஸ்.டி., தேவைப்பட்டால் மட்டுமே பிராசசர். எஸ்.எஸ்.டி.யை முதலிலேயே வாங்கி அதில் விண்டோஸ் ஏற்றியிருந்தால் பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டியிராது, கணக்கும் பத்திரமாக இருந்திருக்கும்.

எவ்வளவு செலவழித்தாலும் ஒரு எல்லை உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை முதலான பிராசசரும் வேண்டும். எங்கள் பெட்டிக்கு அந்தத் தகுதி இல்லை. ஆகவே பாங்க், ஜி.எஸ்.டி. வேலைகளுக்குப் புதிது வாங்கிவிட்டோம். பழையது இன்டர்நெட் இல்லாமல் குடோனில் இருப்புக் கணக்குப் பார்க்கிறது. நீங்கள் 2018-க்குப் பிறகு வாங்கிய பெட்டி என்றால் மெமரி கூட்டுவது பெரும்பாலும் லாபம். பத்து வருஷத்துக்கு முந்தியது என்றால் பெரிய செலவு வேண்டாம். மெமரி விலையும் மிளகாய் விலை மாதிரி ஏறி இறங்கும். 2025 கடைசியில் உலகச் சந்தையில் நன்றாகவே ஏறியது. விசாரித்து வாங்குங்கள்.

வணிகர்கள் கவனத்துக்கு:

ரிட்டர்ன் கட்டும் 11, 20-ஆம் தேதிகளை ஒட்டியோ, பண்டிகை நேரத்திலோ கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள்.

பேக்கப்பை இரண்டு இடத்தில் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து, கடைசிப் பில் தேதியைக் கண்ணால் பார்த்த பிறகே அழிக்கச் சொல்லுங்கள்.

மதர்போர்டின் பெயர், பயாஸ் எண், மெமரி வகை மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். அட்டையை ஓரம் பிடித்தே எடுக்க வேண்டும். இந்த வகைச் சாக்கெட்டில் கம்பிகள் போர்டில்தான் இருக்கும். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு.

கடையில் நாள்வழி எழுதும் பெரியவர் இருந்தால், அந்த நோட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். எங்கள் கடையில் இப்போது அதற்கு ஆண்டுதோறும் புதுக்கணக்கு அன்று மஞ்சள் தடவி முதல் பக்கத்தை நாங்களே எழுதித் தருகிறோம்.