முடிவு தெரிந்த போர்: காலப்பயணப் போர்ப்படங்களும் வரலாற்றுப் படங்களும்

போர்ப்படங்களுள் ஒருவகை நம் காலத்து வீரர்களைப் பழையதொரு போர்க்களத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. புயலோ, மின்னலோ, வால்மீனோ ஏதேனும் ஒன்று அவர்களைத் தூக்கிச் செல்கிறது. எப்படிச் சென்றார்கள் என்பதைப் பற்றி இப்படங்கள் அதிகம் கவலைப்படுவதில்லை, பார்வையாளரும் கேட்பதில்லை. இன்னொரு வகை, நடந்ததை நடந்தவாறே காட்ட முயலும் வரலாற்றுப் படம். முதல்வகையை விளையாட்டு எனவும், இரண்டாவதை மட்டுமே கருதத்தக்க கலை எனவும் பிரித்துப் பார்ப்பது திறனாய்வில் வழக்கமாக உள்ளது. இவ்விரண்டும் ஒரே வேட்கையிலிருந்து பிறந்தவை என்பது நம் கருத்தாகும். அதனை ஓராண்டு இடைவெளியில் வந்த இரண்டு ஜப்பானியப் படங்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு இங்கு விளக்க முற்படுகிறோம்.

இக்கதைவகையின் வேரைத் திரைப்படத்தில் தேட வேண்டியதில்லை. அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன் 1889ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலொன்றில், கனெக்டிகட் மாநிலத்து ஆயுதத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளன் தலையில் அடிபட்டு மயங்கி, ஆறாம் நூற்றாண்டில் ஆர்தர் மன்னனின் நாட்டில் கண் விழிக்கிறான். சூரிய கிரகணம் நிகழும் நாளை அவன் முன்கூட்டியே அறிந்திருப்பது அவன் உயிரைக் காக்கிறது. பள்ளிக்கூடம், தொலைபேசி, செய்தித்தாள் என ஒவ்வொன்றாகக் கொண்டு வருகிறான். நாவலை நகைச்சுவைக் கதையாகவே பலர் நினைவில் வைத்துள்ளனர். ஆனால், அதன் இறுதியில் மின்வேலியும் இயந்திரத் துப்பாக்கிகளும் சேர்ந்து இருபத்தையாயிரம் வீரர்களைக் கொன்று குவிக்கின்றன. வென்றவர்கள் அப்பிணக்குவியலுக்குள்ளேயே சிக்கி, அதிலிருந்து எழும் நச்சுக்காற்றால் மடிகின்றனர். பிற்காலத்துக் கருவியைக் கையில் கொண்டவன் முற்காலத்தாரை எளிதில் வென்றுவிடுவான், ஆயினும் அவ்வெற்றி அவனுக்குப் பயன்படாது என்னும் கருத்து அப்போதே முழுமையாக அமைந்துவிட்டது. பின்வந்த படங்கள் பலவும் இதனையே வெவ்வேறு ஆயுதங்களைக் கொண்டு சொல்லிப் பார்த்தன எனலாம்.

1980ஆம் ஆண்டில் டான் டெய்லர் இயக்கி வெளிவந்த 'தி ஃபைனல் கவுண்ட்டவுன்' இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அணுவாற்றலில் இயங்கும் 'நிமிட்ஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் புயலொன்றில் சிக்கி, 1941 டிசம்பர் 6ஆம் நாளில் ஹவாய்க்கு அருகே வெளிப்படுகிறது. மறுநாள் காலை பேர்ள் துறைமுகம் தாக்கப்படும் என்பது கப்பலில் உள்ள அனைவருக்கும் தெரியும். ஜெட் விமானங்கள் இரண்டு ஜப்பானியப் போர்விமானங்களை வீழ்த்தும் காட்சிதான் இப்படத்தின் பெரிய கவர்ச்சி. தாக்குதல் அணியைத் தடுக்க நிமிட்ஸின் விமானங்கள் புறப்பட்டும்விடுகின்றன. அந்நேரத்தில் புயல் மீண்டும் தோன்றுகிறது. தலைவர் விமானங்களைத் திருப்பி அழைக்கிறார். கப்பல் தன் காலத்துக்கே திரும்புகிறது. போர் நடக்கவேயில்லை.

இப்படத்தை வகுப்பில் திரையிட்டபோது மாணவர் ஒருவர், "ஏமாற்றிவிட்டார்கள்" என்று வெளிப்படையாகச் சலித்துக்கொண்டார். அச்சலிப்பு நமக்குப் பயனுடையதாக இருந்தது. அவர் எதிர்பார்த்தது என்ன என்று வினவினோம். நிமிட்ஸ் வெல்ல வேண்டும் என்றார். வென்றிருந்தால், அதற்குப் பின்வரும் உலகம் எவ்வாறிருக்கும் என்று கேட்டபோது, வகுப்பே சிறிது நேரம் அமைதியாகிவிட்டது. நடந்ததை மாற்றிவிட வேண்டும் என்னும் ஆசையும், நடந்தது மாறாதிருந்தால்தான் நாம் நாமாக இருக்க முடியும் என்னும் அச்சமும் ஒருசேர நிற்பதே இக்கதைவகையின் ஈர்ப்பாகும். அமெரிக்கப் படம் இரண்டையும் தூண்டிவிட்டு, எதற்கும் விலை கொடுக்காமல் தப்பித்துக்கொள்கிறது. அமெரிக்கக் கடற்படையின் ஒத்துழைப்போடு, அக்கப்பலிலேயே எடுக்கப்பட்ட படம் அது என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

விலை கொடுத்த படம் அதற்கு முந்தைய ஆண்டில், 1979இல், ஜப்பானில் வெளிவந்தது. ஹன்முரா ரியோ 1971இல் எழுதிய கதையைத் தழுவி, சைடோ கோசெய் இயக்கிய 'செங்கோகு ஜியெய்தாய்' என்னும் அப்படத்தில், பயிற்சியில் ஈடுபட்டிருந்த தற்காப்புப் படையின் சிறு அணி ஒன்று, பதினாறாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்களின் நடுவே போய் விழுகிறது. அவர்களிடம் ஒரு டாங்கி, ஒரு ஹெலிகாப்டர், ஒரு சுற்றுக்காவல் படகு, இயந்திரத் துப்பாக்கிகள் ஆகியவை உள்ளன. அணித்தலைவன் ஈபாவாக நடித்தவர் சிபா ஷினிச்சி. பின்னாளில் உயெசுகி கென்ஷின் எனப் புகழ்பெறவுள்ள நாகாவோ காகெடோராவோடு அவன் நட்புக் கொள்கிறான்.

தற்காப்புப் படை என்னும் பெயரை நாம் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசமைப்பின் ஒன்பதாம் விதி, போரை நாட்டின் உரிமையாகக் கொள்வதைக் கைவிடுகிறது. அதன் நிழலில் 1954இல் தோன்றியது இப்படை. ஆயுதம் உண்டு, பயிற்சி உண்டு; போர் மட்டும் இல்லை. அத்தகைய படைவீரன் ஒருவன் நானூறு ஆண்டுகள் பின்னே சென்றால் முதன்முறையாக என்ன செய்யக்கூடும்? படத்தின் வினா இதுதான். ஈபாவின் முகத்தில் போர் தொடங்கியதும் தோன்றும் மகிழ்ச்சி, பார்வையாளரை உள்ளூரத் துணுக்குறச் செய்வது. நாடு திரும்ப வேண்டும் என்போரிடம், வரலாற்றை நாம் மாற்றினால் காலமே நம்மைத் திருப்பி அனுப்பிவிடும் என்று அவன் வாதாடுகிறான். இது வாதமா, சாக்கா என்பது அவனுக்கே தெரியாது. அணியில் ஒரு சாரார் பிரிந்து சென்று, படகைக் கைப்பற்றிக் கடற்கொள்ளையராகி, ஊர்களைச் சூறையாடுகின்றனர். காலம் மாறியதும் சட்டம் அவர்களைவிட்டு நீங்கிவிட்டது.

தகெடா சிங்கெனின் படையோடு நிகழும் நெடும்போரே படத்தின் மையம். தொடக்கத்தில் குதிரைப்படை இயந்திரத் துப்பாக்கியின் முன்னே சரிகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர் இதோடு நிறைவடைந்துவிடலாம். ஆனால், எதிரிகள் கற்றுக்கொள்கிறார்கள். வாகனங்களைப் பொறியில் சிக்கவைக்கிறார்கள். சுட்ட தோட்டா மீண்டு வருவதில்லை. எரிபொருள் தீர்ந்தால் நிரப்ப இடமில்லை. ஈபாவின் கையால் சிங்கென் மடிகிறார். எனினும் டாங்கியும் ஹெலிகாப்டரும் தோழர்களுள் பெரும்பாலோரும் அக்களத்திலேயே முடிந்துபோகின்றனர். இறுதியில், எஞ்சிய சிலரும் காகெடோராவின் ஆட்களாலேயே கொல்லப்படுகின்றனர். கருவி இழந்த நண்பனால் பயனில்லை. அவன் அச்சத்துக்குரியவன் மட்டுமே.

படையினர் கட்டுப்பாட்டை மீறுவதாகக் கதை அமைந்திருந்ததால், இப்படத்துக்குத் தற்காப்புப் படையின் ஒத்துழைப்புக் கிட்டவில்லை. டாங்கியைத் தயாரிப்பாளர்களே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 2005இல் இதன் புதிய வடிவம் வெளிவந்தபோது அவ்வொத்துழைப்பு தாராளமாகக் கிடைத்தது. அப்புதிய படத்தில் வீரர்கள் வரலாற்றை மாற்றச் செல்லவில்லை. மாற்ற முயல்பவரைத் தடுத்து, வரலாற்றைக் காக்கச் செல்கிறார்கள். கருவிகள் மெய்யானவை, படமோ பழையதைப்போல் மனத்தில் தங்கவில்லை.

1980இல் அகிரா குரோசாவாவின் 'ககெமுஷா' வெளிவந்தது. இங்கும் தகெடா சிங்கென்தான். நாம் முனைவர் பட்ட ஆய்வுக்காக அயல்நாட்டில் தங்கியிருந்த காலத்தில், பல்கலைக்கழகத் திரைப்பட மன்றமொன்றில் இதனை முதன்முதலாகக் கண்டோம். அதற்கும் முந்தைய ஆண்டுப் படத்துக்கும் உறவுண்டு என்பது அப்போது நமக்குத் தோன்றவில்லை. கதை இது: சிங்கெனைப் போன்ற தோற்றமுடைய திருடன் ஒருவன் சிலுவையில் அறையப்படும் தண்டனையிலிருந்து மீட்கப்படுகிறான். சிங்கென் இறந்ததும், அச்செய்தி மூன்றாண்டுகள் மறைக்கப்பட வேண்டும் என்னும் ஆணைக்கேற்ப, அத்திருடன் தலைவனின் இடத்தில் அமர்த்தப்படுகிறான். இருவராகவும் நடித்தவர் நகடாய் தட்சுயா.

இத்திருடனை நாம் ஒரு காலப்பயணி என்றே கொள்ளலாம். தனக்குரியதல்லாத உலகில் அவன் இறக்கிவிடப்பட்டுள்ளான். அங்குள்ள நடைமுறைகளை ஒவ்வொன்றாகக் கற்கிறான், தவறிழைக்க அஞ்சுகிறான், பின்பு மெல்ல அவ்வுலகை நேசிக்கத் தொடங்குகிறான். குதிரை ஒன்று அவனை அடையாளங்கண்டு கீழே தள்ளியதும், மழையில் துரத்தப்படுகிறான். மறைந்தவரின் மகன் கட்சுயோரி 1575இல் நகஷினோவில் தன் குதிரைப்படையை எதிரியின் துப்பாக்கி வரிசைக்கு முன்னே ஏவுகிறான். ஐரோப்பியத் துப்பாக்கிகள் ஜப்பானுக்கு வந்தது 1543இல்தான். ஆகவே, நகஷினோவில் நாம் காண்பதும் ஒரு காலம் இன்னொரு காலத்தைச் சுட்டு வீழ்த்தும் காட்சியே. அதற்குப் புயலோ மின்னலோ தேவைப்படவில்லை. குரோசாவா குதிரைகள் விழுவதை அப்போது காட்டுவதில்லை. துப்பாக்கியின் ஓசையையும் பார்த்து நிற்போரின் முகங்களையும் காட்டுகிறார். அதன்பின்னரே களத்தைக் காட்டுகிறார். நாணலுக்குள் ஒளிந்திருந்து அனைத்தையும் காணும் திருடனின் நிலையே பார்வையாளரின் நிலையும் ஆகும். முடிவு நமக்குத் தெரியும். கூவி எச்சரிக்க வழியில்லை. அவன் மட்டும் ஓர் ஈட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறான், சுடப்படுகிறான்.

வரலாற்றுப் படத்தின் பார்வையாளர் கைகட்டப்பட்ட காலப்பயணி. காலப்பயணப் படத்தின் வீரர் கைகட்டு அவிழ்க்கப்பட்ட பார்வையாளர். இவ்வாறு நோக்கும்போது, இரண்டினையும் ஒரே மக்கள் விரும்பிப் பார்ப்பதில் வியப்பில்லை.

பிற நாடுகளின் சான்றுகளைச் சுருக்கமாகக் காண்போம். ஹாங்காங் தொலைக்காட்சி 2001இல் ஒளிபரப்பிய, நம் வட்டாரத்திலும் நன்கறியப்பட்ட 'ஸுன் சின் ஜி' தொடரில், சின் மன்னனின் முடிசூட்டு விழாவைக் காண அனுப்பப்படும் காவல்துறை வீரன், உண்மையான இளவரசன் இறந்துவிட்டதை அறிகிறான். அவனுடைய மாணவனே அவ்விடத்தில் அமர்ந்து கொடுங்கோல் மன்னனாகிறான். வரலாறு மாறவில்லை; அது மாறாதிருந்ததற்குப் பயணியே காரணமாகிவிடுகிறான். 2005ஆம் ஆண்டுக் கொரியப் படமான 'சோன்குன்' வடகொரிய, தென்கொரிய வீரர்களை ஒருசேர 1572க்கு அனுப்புகிறது. பின்னாளில் ஜப்பானியப் படையெடுப்பைக் கடலில் முறியடித்த யி சுன்சின், அவ்வாண்டில் படைத்தேர்வில் குதிரையிலிருந்து விழுந்து தோற்றவர். நாடு பிளவுறுவதற்கு முந்தைய வீரர் ஒருவரைக் காக்கும் பொருட்டே இருதரப்பாரும் ஒன்றுபடுகிறார்கள். படம் சில இடங்களில் கேலிக்கூத்தாகிவிடுகிறது எனினும், அதன் ஏக்கம் மெய்யானது.

2008இல் வெளிவந்த 'மி இஸ் புதுஷெகோ' என்னும் ரஷ்யப் படத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகே, பழைய போர்க்களங்களைத் தோண்டிப் பதக்கங்களையும் ஆயுதங்களையும் விற்றுப் பிழைக்கும் நான்கு இளைஞர்கள், மண்ணுக்குள் நான்கு படைவீரர் அடையாள ஏடுகளைக் கண்டெடுக்கின்றனர். அவற்றில் உள்ள பெயரும் படமும் அவர்களுடையவையே. ஏரியில் குளித்தெழுந்தால் ஆண்டு 1942. அவர்களுள் ஒருவனின் தோளில் நாஜிச் சின்னம் பச்சை குத்தப்பட்டுள்ளது. இங்கு எவரும் தளபதியைச் சந்திப்பதில்லை. எந்தப் போரின் போக்கையும் மாற்றுவதில்லை. பதுங்குகுழியில் சாதாரண வீரரோடு சாதாரண வீரராகக் கிடக்கிறார்கள். திரும்பி வந்தபின் அவ்விளைஞன் கல்லைக்கொண்டு தன் தோளைத் தேய்க்கிறான். படத்தில் நாட்டுப்பற்றுப் பரப்புரை கலந்துள்ளது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், காலப்பயணி எவரிடையே போய் இறங்குகிறான் என்னும் வினாவை இப்படம்போல் நேரடியாக எழுப்பியவை நாம் கண்டவற்றுள் குறைவு.

அவ்வினா நம்மை நம் வட்டாரத்துக்கே அழைத்து வருகிறது. இந்நிலப்பகுதியின் போர்க்காலத்தைக் கருவாகக் கொண்டு உலகப்புகழ் பெற்ற வரலாற்றுப் படம், டேவிட் லீன் 1957இல் இயக்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. இலங்கையில் எடுக்கப்பட்டது, ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. மூலநாவலை 1952இல் வெளியிட்ட பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல், போருக்கு முன்னர் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பொறியியலாளராகப் பணிபுரிந்தவர். பால்மரம் வெட்டிய தமிழரை நாள்தோறும் கண்டிருக்கக்கூடியவர். 1942 முதல் 1943 அக்டோபர் வரை அமைக்கப்பட்ட, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இரயில்பாதையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் உழைத்தனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ ஏறத்தாழ 180,000 பேர் என்றும், அவர்களுள் பாதியளவினர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். படத்தில் பாலத்தைக் கட்டுவோர் போர்க்கைதிகளே. தமிழ்த் தொழிலாளி எவரும் அங்கில்லை.

இப்படத்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பிடிவாதத்தைப் பற்றிய கதை என்ற அளவில் அது சிறந்தது. அறிவுக்குத் தெரிந்த எண்ணிக்கை, கண்ணுக்குத் தெரிந்த காட்சியின் முன் தோற்றுவிடுகிறது என்பதையே சுட்டுகிறோம். பாலம் வெடித்து, இரயில் ஆற்றில் விழும் காட்சியைக் கண்டவர்கள், காஞ்சனபுரியில் அந்த இரும்புப் பாலம் போருக்குப் பின் பழுதுபார்க்கப்பட்டு இன்றும் நிற்பதைக் கண்டு திகைப்பதுண்டு.

ஆகவே, ஒரு பருவத்தில் மாணவர்களுக்குச் சிறு பயிற்சி ஒன்றைக் கொடுத்தோம். காலப்பயணி ஒருவர் 1943இல் நம் நாட்டுத் தோட்டமொன்றில் வந்திறங்குகிறார். விடியற்காலைப் பெரட்டு நேரம். லாரி காத்து நிற்கிறது. ஒரு காட்சி எழுதுக என்றோம். பெரும்பாலோர் துப்பாக்கியோடு வந்தார்கள். ஒருவர் ஹெலிகாப்டரே கொண்டுவந்துவிட்டார். ஒரு மாணவி மட்டும் தன் பயணியிடம் எதுவும் கொடுக்கவில்லை. அவர் லாரியில் ஏறப்போகும் இளைஞனிடம், போகாதே என்கிறார். மூன்று மாத வேலைதான், கூலியும் அரிசியும் தருகிறார்கள் என்கிறான் அவன். வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறில்லை. போகாவிட்டால் இழுத்துச் செல்வார்கள் என்கிறார் பக்கத்திலிருப்பவர். சயாமில் என்ன நடக்கும் என்று பயணி சொல்லத் தொடங்குகிறார். எவருக்கும் அது விளங்கவில்லை. ஒரு பக்கத்தோடு எழுத்து நின்றுவிட்டது. ஏன் முடிக்கவில்லை என்று கேட்டோம். அந்த இளைஞன் தம் பாட்டியின் தமையன் என்றும், அவர் ஏறினாரா இல்லையா என்பதைத் தம்மால் மாற்றி எழுத இயலவில்லை என்றும் அம்மாணவி கூறினார். அவருக்கு முழு மதிப்பெண் வழங்கினோம்.