ஓசோன் படலத்தைக் காத்த பேச்சுவார்த்தை

பூமியின் எதிர்காலத்தைப் பற்றி விஞ்ஞானிகளும் அரசாங்கப் பிரதிநிதிகளும் கூடிப் பேசினர் என்னும் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். கூடிப் பேசுவதால் என்ன பயன் என்னும் ஐயம் பலருக்கு எழுவது இயல்பே. அத்தகைய பேச்சு நற்பயன் அளித்த வரலாறு ஒன்றை இங்கே காண்போம். வெயிலில் நின்று பயிரிடுவோரும், கண்ணின் கூர்மையை நம்பித் தறியில் அமர்வோரும் அறியத்தக்க வரலாறு அது.

ஓசோனின் பயன்

பிராணவாயுவின் மூன்று அணுக்கள் சேர்ந்தது ஓசோன். தரைக்கு மேல் ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இது மிகுந்து காணப்படுகிறது. வானிலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக் காற்றழுத்தத்திற்குக் கொண்டுவந்தால் அதன் கனம் 3 மில்லிமீட்டர் அளவே இருக்கும். இம்மெல்லிய போர்வைதான் சூரியனின் புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுக்கிறது. அக்கதிர்கள் மிகுமானால் தோலில் புற்றுநோயும் கண்ணில் புரையும் பெருகும். பல பயிர்களின் வளர்ச்சி குன்றும்.

எச்சரிக்கை

குளிர்சாதனப் பெட்டிகளுக்கென 1930-ஆம் ஆண்டளவில் குளோரோபுளோரோகார்பன் என்னும் வாயுக்கள் புழக்கத்திற்கு வந்தன. அவை தீப்பற்றா, நஞ்சும் அல்ல, எளிதில் சிதையா. ஆகவே பல தொழில்களில் பரவின. சிதையாத அவ்வாயுக்கள் இறுதியில் எங்கே செல்கின்றன என்று கலிபோர்னியாவில் மோலினா, ரோலண்டு என்னும் இரு விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். அவை மேல்வானத்தை எட்டிக் கதிர்களால் உடைந்து குளோரினை வெளியிடும் என்றும், அக்குளோரின் ஓசோனை அழிக்கும் என்றும் 1974-இல் எச்சரித்தனர். ஒரு குளோரின் அணு இலட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கவல்லது.

உற்பத்தி நிறுவனங்கள் இதை ஏற்கவில்லை. கண்கூடான சான்று இல்லை என்று வாதிட்டன. 1985-இல் சான்று கிடைத்தது. தென்துருவத்தில் ஹேலி நிலையத்தில் ஆண்டுதோறும் ஓசோனை அளந்துவந்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகள், அக்டோபர் மாதங்களில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதை வெளியிட்டனர்.

உடன்பாடு

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவராக இருந்தவர் எகிப்தியரான முஸ்தபா தோல்பா. தாமே ஒரு விஞ்ஞானியாகிய அவர், முரண்பட்ட நாடுகளின் பிரதிநிதிகளைச் சிறு குழுக்களாக அழைத்துப் பேசவைத்தார். அதன் பயனாக 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் நகரில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. துருவத்தில் நேர்ந்த அழிவின் காரணம் ஐயமற நிறுவப்படும் முன்னரே நாடுகள் செயலில் இறங்கின என்பது குறிப்பிடத்தக்கது. வாயுக்களைப் பாதியளவு குறைப்பதென்றே முதலில் முடிவாயிற்று. எனினும் விஞ்ஞானிகள் அவ்வப்போது ஆராய்ந்து கூறுவதற்கேற்ப விதிகளை இறுக்க உடன்பாட்டில் இடமிருந்தது. அவ்வாறே பின்னர் முழுத்தடை வந்தது.

செலவை யார் ஏற்பது என்பது அடுத்த கேள்வி. கெடுத்தவர் பெரும்பாலும் செல்வ நாட்டினர். மாற்றுத் தொழில்முறைக்கு ஏழை நாடுகள் எங்கே போகும் என்று இந்தியாவும் சீனாவும் கேட்டன. 1990-இல் இலண்டன் கூட்டத்தில் பொதுநிதி ஒன்றை அமைக்க முடிவாயிற்று. பணம் தருவோர் செல்வ நாட்டினர். ஆயினும் நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு 7 இடம், வளரும் நாடுகளுக்கும் 7 இடம். பங்குத்தொகை எத்துணையாயினும் உறுப்பினருக்கு ஒரே வாக்கு என்னும் நெறியில் பழகிய நமக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். இந்தியா 1992-இல் உடன்பாட்டில் சேர்ந்தது. தானியக் கிடங்குகளிலும் மண்ணிலும் பூச்சிகளை ஒழிக்கப் பயன்பட்ட மீதைல் புரோமைடும் அதே ஆண்டு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது.

பலனும் கடமையும்

2009-இல் உலக நாடுகள் அனைத்தும் உடன்பாட்டில் இணைந்திருந்தன. முன்னரே வெளியேறிய வாயுக்கள் பல பத்தாண்டுகள் வானில் நிலைப்பதால் ஓசோன் மெல்லத்தான் தேறும். உலகின் பெரும்பகுதியில் 2040-ஆம் ஆண்டளவிலும், தென்துருவத்தில் 2066-ஆம் ஆண்டளவிலும் அது 1980-இன் நிலையை எட்டலாம் என 2023-இல் வந்த விஞ்ஞான அறிக்கை கணித்தது. காவல் தளர்ந்தால் கேடு திரும்பும். தடைசெய்யப்பட்ட வாயு ஒன்று மீண்டும் கசிவதை விஞ்ஞானிகள் 2018-இல் கண்டறிந்தனர். அதன் ஒரு பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவது 2019-இல் தெரியவந்தது. பின்னரே கசிவு குறைந்தது.

மாற்றாக வந்த ஹைட்ரோபுளோரோகார்பன் ஓசோனைக் கெடுப்பதில்லை; ஆனால் பூமியின் வெப்பத்தை மிகுவிக்கிறது. அதைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் முடிவாயிற்று. இந்தியா 2021-இல் இதனை ஏற்றது. நிலக்கரியும் எண்ணெயும் வெளியிடும் கரியமில வாயுவைக் குறைப்பது இதனினும் கடினம். அவை எல்லாத் தொழிலிலும் கலந்துள்ளன. எனினும் அறிந்தவர் சொல்லைக் காலத்தே கேட்பது, சுமையை நியாயமாகப் பங்கிடுவது, விடாது கண்காணிப்பது என்னும் மூன்றும் அதற்கும் தேவை.

நம் அளவில் செய்யத்தக்கதும் உண்டு. குளிர்பதனக் கிடங்குகளையும் பெட்டிகளையும் பழுது பார்க்கும்போது உள்ளிருக்கும் வாயுவை வெளியே திறந்துவிடலாகாது. அதைச் சேகரிக்கும் முறையறிந்த தொழிலாளரையே அமர்த்துதல் வேண்டும். தலைக்கு மேலுள்ள வானம் யாவர்க்கும் பொதுச் சொத்து. அதன் பராமரிப்பும் யாவர்க்கும் பொதுவே.