ஹுவா முலான் கதையின் வரலாற்றுத் தோற்றம்

ஹுவா முலான் என்பவர் சீன நாட்டார் மரபில் புகழ்பெற்ற பெண் போர்வீரர் ஆவார். முதிய தந்தைக்குப் பதிலாக ஆண் வேடத்தில் படையில் சேர்ந்து, பன்னிரண்டு ஆண்டுகள் போரிட்டு, அரசர் அளிக்க முன்வந்த பதவியை மறுத்து வீடு திரும்பியவர் என அவரைப் பற்றிய கதைப்பாடல் கூறுகிறது. வட வேய் அரசின் (386–534) வரலாற்றைக் கூறும் 'வேய் சூ' நூலில் சிறப்புமிக்க பெண்களுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. அதில் முலானின் பெயர் இல்லை. எனவே ஆய்வாளர்கள் அந்தச் சிறு பாடலின் சொற்களையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றனர்.

பாடலின் காலம்

'முலான் பாடல்' 6ஆம் நூற்றாண்டில் ஒரு பௌத்தத் துறவி தொகுத்த இசைநூலில் இடம்பெற்றிருந்தது. அந்நூல் இன்று இல்லை. தற்போது கிடைக்கும் வடிவம் சொங் அரசமரபுக் காலத்தில் குவோ மவோசியான் தொகுத்த பாடல் திரட்டில் உள்ளது. இடையில் பாடல் திருத்தப்பட்டதும் தெரிகிறது. முலானின் வீரத்திற்குப் பன்னிரு படிநிலைச் சிறப்பு வழங்கப்பட்டதாக வரும் வரி, தாங் அரசமரபின் (618–907) படைத்தகுதி முறையை ஒத்தது.

'கான்' என்னும் சொல்

பாடலில் ஆட்சியாளர் ஓரிடத்தில் 'வானின் மைந்தர்' என்றும் மற்றோரிடத்தில் 'கான்' என்றும் அழைக்கப்படுகிறார். முன்னது சீனப் பேரரசருக்குரிய பட்டம். பின்னது வடக்கேயுள்ள புல்வெளி மக்களின் தலைவருக்குரியது. இரண்டும் ஒருவருக்கே பொருந்துவது வட வேய் அரசில்தான். அதை நிறுவிய துவோபா குலத்தினர், வடக்கிலிருந்து வந்து வட சீனாவை வென்ற சியான்பெய் மக்கள்.

இதற்கு 1980இல் வலுவான சான்று கிடைத்தது. உள் மங்கோலியாவின் பெரிய கிங்கன் மலைத்தொடரிலுள்ள காசியான் குகையில், பேரரசர் தைவு தம் முன்னோருக்கு வழிபாடு செய்வித்து 443இல் பொறித்த கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதன் வாசகம் 'வேய் சூ'விலும் உள்ளது. ஆனால் முன்னோரைக் 'கான்' என்றும் அவர்தம் அரசியைக் 'கதூன்' என்றும் குறிக்கும் சொற்கள் பாறையில் மட்டுமே உள்ளன, நூலில் இல்லை. நூலில் இடம்பெறாத பட்டத்தை நாட்டுப்புறப் பாடல் காப்பாற்றி வைத்திருக்கிறது.

போர்க்களமும் இக்காலத்தோடு ஒத்துப்போகிறது. முலான் மஞ்சள் ஆற்றைக் கடந்து கரும்மலையை அடைகிறார். தைவு 429இல் ரூரன் மக்கள்மீது படையெடுத்தபோது கரும்மலை வழியாகச் சென்றதாக 'வேய் சூ' பதிவு செய்கிறது. 'முலான்' என்பது சீன மொழியில் மக்னோலியா வகை மலரைக் குறிக்கும் மென்மையான பெயர். எனினும் அது சீன எழுத்தில் எழுதப்பட்ட சியான்பெய் பெயராகவே இருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர்.

பிற்கால மாற்றங்கள்

பாடலில் முலானுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பூ என்னும் பொருள்படும் 'ஹுவா' என்பது மிங் கால நாடகாசிரியர் சூ வேய் (1521–1593) சூட்டியது. அவரது நாடகத்தில் முலான் தம் கட்டிய பாதங்களை அவிழ்த்துவிட்டுப் போருக்குக் கிளம்புகிறார். பாதம் கட்டும் வழக்கம் வட வேய் காலத்தில் இருந்ததே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் சூ ரென்ஹுவோ எழுதிய புதினத்தில் அவர் துருக்கியக் கானின் ஆட்சியில் வாழ்கிறார்; அக்கானின் ஆசைநாயகியாக மறுத்துத் தற்கொலை செய்துகொள்கிறார். 1998இல் வெளிவந்த டிஸ்னி திரைப்படம் எதிரிகளை ஹூணர் ஆக்கியது.

முலானைத் தம் ஊரார் எனக் கூறும் இடங்களும் பல. ஹெனான் மாகாணத்தின் யூசெங்கில் உள்ள 1334ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவரது குடும்பப் பெயர் 'வேய்' என்கிறது. வூகானின் ஹுவாங்பி பகுதியும் உரிமை கோருகிறது. அப்பகுதி முலான் கோயிலைப் பற்றி 9ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் து மு பாடியுள்ளார். ஆனால் 429இல் ஹுவாங்பி வட வேய் ஆட்சியிலேயே இல்லை. அது தெற்கே இருந்த பகையரசின் நிலம்.