அனகாபுத்தூர் இயற்கை நார் நெசவு

அனகாபுத்தூர் இயற்கை நார் நெசவு என்பது சென்னையின் தென்மேற்குப் புறநகரான அனகாபுத்தூரில் வாழைநார், சணல், கற்றாழை நார், அன்னாசி நார் போன்றவற்றைப் பருத்தி அல்லது பட்டு இழையுடன் சேர்த்துக் கைத்தறியில் சேலையும் துணியும் நெய்யும் தொழில் ஆகும். ஏற்றுமதிச் சந்தையை இழந்த ஒரு நெசவாளர் ஊர், வெளியிலிருந்து பெரிய முதலீடோ ஆலையோ வராத நிலையில், தன் கையில் இருந்த திறனைக் கொண்டே புதிய பொருளொன்றை உருவாக்கிக்கொண்டதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. சிற்றூர்ப் பொருளாதார வளர்ச்சி, சமூகத் திட்டமிடல் ஆகியவற்றைப் படிப்பவர்களுக்கு இதன் வெற்றியைப் போலவே இதன் வரம்புகளும் பயன்படும்.

ஊரும் பழைய தொழிலும்

அனகாபுத்தூர் அடையாற்றின் கரையில், பல்லாவரம் – குன்றத்தூர் சாலையில் பம்மலை அடுத்து அமைந்துள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 48 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். தனி நகராட்சியாக இருந்த இவ்வூர், 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த புறநகராகத் தோன்றினாலும், சில தலைமுறைகளுக்கு முன்புவரை இதன் அடையாளம் நெசவுதான்.

இங்கு நெய்யப்பட்ட முதன்மைப் பொருள் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' எனப்பட்ட கட்டம் போட்ட பருத்தித் துணி. பெயரில் கைக்குட்டை என்று இருந்தாலும் அது மூக்கைத் துடைக்கும் சிறு துணி அன்று. 36 அங்குலச் சதுரங்களாக வெட்டத்தக்க நீண்ட துணியாக நெய்யப்பட்டு, பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக நைஜீரியாவுக்குச் சென்றது. அங்கே இடுப்பில் சுற்றும் உடையாகவும் சடங்குத் துணியாகவும் மதிப்புப் பெற்றது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதனை 'இஞ்சிரி' என்று அழைத்தனர். சில இழைகளை மட்டும் பிளேடால் வெட்டி உருவி, துணியிலேயே புதிய உருவங்களை வரவழைக்கும் கலையையும் அவர்கள் வளர்த்தனர். அடையாற்றங்கரையில் ஒருவர் பொறுமையாகக் கோத்த இழையை நைஜர் கழிமுகத்தில் இன்னொருவர் அதே பொறுமையுடன் உருவி எடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

பார்க்காமல் இருந்ததில்தான் ஆபத்தும் இருந்தது. ஒரே பொருள், ஒரே நாடு, இடையில் ஏற்றுமதியாளர் என்ற அமைப்பில் நெசவாளருக்குத் தன் துணி யாருக்குப் போகிறது, ஏன் வாங்கப்படுகிறது என்று தெரிய வாய்ப்பில்லை. 1970களில் நைஜீரியா தன் உள்நாட்டு ஆலைகளைக் காக்கத் துணி இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. ஏற்றுமதி குறைந்ததும் அனகாபுத்தூரின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. விசைத்தறித் துணியின் மலிவு மீதியைப் பார்த்துக்கொண்டது. பலர் தொழிற்சாலை, கட்டட வேலை, அருகிலுள்ள விமான நிலையம் சார்ந்த வேலைகள் எனப் பிரிந்து சென்றனர்.

நாரின் பக்கம் திரும்பியது

எஞ்சிய நெசவாளர்களைச் சேர்த்து இயங்கத் தொடங்கிய அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கம், பருத்திக்கு மாற்றாகச் சணலையும் பின்னர் வாழைநாரையும் தறியில் ஏற்றிப் பார்த்தது. இதன் தலைவரான சி. சேகர் பரம்பரை நெசவாளர். சங்கத்தின் சோதனைகளின் தொடர்ச்சியாக 25 வகை இயற்கை நார்களைக் கொண்டு நெய்யப்பட்ட ஒரு சேலை, லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. அந்தச் சேலை செய்தித்தாள்களில் ஊரின் பெயரைக் கொண்டுசேர்த்தது. தறிகளுக்கு அன்றாட வேலை தந்தது என்னவோ வாழைநார்தான்.

அதற்குக் காரணம் எளிது. வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். குலையை வெட்டியபின் தண்டு தோட்டத்தில் கிடக்கும் கழிவு. அதை அகற்றுவதே விவசாயிக்குச் செலவு. வாழை அதிகம் விளையும் தமிழ்நாட்டில் இந்த மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. பூக்கட்டுபவர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்திவரும் நார்தான் இது. ஆனால் பூவைக் கட்டும் நாரைச் சேலையில் கட்டுவதற்குள் பல வேலைகள் உண்டு.

தண்டின் பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து, கீறி, சதைப்பகுதியைச் சுரண்டி எடுத்தால் நார் கிடைக்கும். வெளிப்பட்டையின் நார் முரடானது. உள்ளே செல்லச் செல்ல மென்மையும் பளபளப்பும் கூடும். கழுவி உலர்த்திய நாரைப் பஞ்சுபோல் நூற்க இயலாது. மெல்லிய இழைகளாகக் கிழித்து, ஒன்றின் முனையை மற்றொன்றின் முனையோடு கையால் முடிச்சிட்டு நீளமாக்க வேண்டும். முடிச்சு பெரிதாக இருந்தால் துணியில் புடைக்கும். தளர்வாக இருந்தால் தறியில் அவிழும். முழு வேலையிலும் நேரத்தை அதிகம் விழுங்குவது இந்தப் பகுதியே.

தறியில் பாவாகப் பருத்தியோ பட்டோ இருக்க, நார் ஊடையாகச் செல்கிறது. பாவு இழை ஒவ்வொரு மிதிக்கும் இழுபட்டுத் தளர்ந்து, அச்சில் உராய்ந்துகொண்டே இருப்பது. வாழைநாருக்கு வலிமை உண்டு, ஆனால் நெகிழ்வு குறைவு, உலர்ந்தால் ஒடியும். எனவே பாவின் வேலையைப் பருத்திக்கு விட்டுவிட்டு, நாரைச் சற்று ஈரமாகவே ஊடையில் ஓட்டுகின்றனர். நெய்யும் வேகம் சாதாரணச் சேலையைவிடக் குறைவு. ஆகவே இச்சேலையின் விலையில் மூலப்பொருளின் பங்கு சிறிது, கூலியின் பங்கு பெரிது. ஊர்ப் பொருளாதாரத்தின் கண்கொண்டு பார்த்தால் இது குறையன்று. வாங்குபவர் தரும் பணத்தில் பெரும்பகுதி ஊரிலேயே கூலியாகத் தங்க வழி இருக்கிறது.

தன்னார்வ உழைப்பின் இடம்

புதிய பொருளை உருவாக்கும் காலத்தின் செலவை யார் ஏற்பது என்பது இத்தகைய முயற்சிகள் அனைத்திலும் எழும் கேள்வி. ஒரு நாரைத் தறியில் சோதித்துப் பார்க்கும் நாட்களில் அந்தத் தறியிலிருந்து விற்கத்தக்க துணி வராது. நெசவாளருக்குக் கூலியும் வராது. ஆலைகளில் இதற்கென ஆய்வுப் பிரிவு இருக்கும். சிறு சங்கத்தில் சிலர் தம் நேரத்தையும் தறியையும் ஊதியமின்றிக் கொடுத்தால்தான் சோதனை நடக்கும். கண்காட்சிக்குத் துணி எடுத்துச் செல்வது, அரசு அலுவலகங்களில் திட்ட விண்ணப்பம் கொடுப்பது, பார்க்க வரும் ஆடை வடிவமைப்பு மாணவர்களுக்கு விளக்குவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். கைத்தறித் துறையின் திட்டங்கள் பயிற்சிக்கும் தறிக்கும் உதவலாம். இந்தக் கண்ணுக்குத் தெரியாத நேரத்துக்கு எந்தத் திட்டத்திலும் தனிப் பத்தி கிடையாது.

பெண்களின் பங்கும் இங்கே முக்கியமானது. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி (2019–20) இந்தியாவில் கைத்தறித் தொழிலில் உள்ள சுமார் 35 லட்சம் பேரில் 70 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் நூல் சுற்றுவதும் பாவு தயாரிப்பதும் வீட்டு வேலையின் பகுதியாகவே எண்ணப்பட்டு, அதற்குத் தனிக் கூலி பேசப்படாமல் இருந்தது. நார் நெசவில் நிலைமை மாறுகிறது. நாரைக் கிழித்து முடிச்சிடும் வேலை எடையிட்டு அளக்கத்தக்கது. எனவே கூலியும் பேசத்தக்கது. அனகாபுத்தூரில் சுயஉதவிக் குழுப் பெண்கள் பயிற்சி பெற்று இதில் ஈடுபட்டுள்ளனர்.

திட்டமிடலில் ஓர் இடைவெளி

கிராமத்தில் ஊர்த் தொழிலைப் பற்றிப் பேசச் சட்டப்படியான மேடை ஒன்று உண்டு, அது கிராம சபை. திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996இல் ஊராட்சித் தலைவரான பொறியாளர் ரா. இளங்கோ, அந்த மேடையைக் கொண்டே ஊர் மக்களுடன் வளர்ச்சித் திட்டம் வகுத்தார். நகராட்சிகளுக்கு அப்போது அப்படி இருக்கவில்லை. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 3 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கே வார்டு குழுக்களைக் கட்டாயமாக்கியது. 48 ஆயிரம் பேர் வாழ்ந்த அனகாபுத்தூர் கிராமமும் அல்ல, அந்த அளவுகோலின்படி பெருநகரமும் அல்ல. கிராம சபையும் இல்லை, வார்டு குழுவும் கட்டாயமில்லை. தறி நின்ற காலத்தில் ஊர்த் தொழிலைப் பற்றிய பேச்சு சங்கத்துக்குள்ளும் தெருவிலும் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களுக்கான பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று நடைபெற்றன. அன்று முதலமைச்சர் கலந்துகொண்ட கூட்டம் அனகாபுத்தூரை அடுத்த பம்மலில் நடந்தது. இத்தகைய கூட்டங்களில் சாலை, குடிநீர், குப்பை ஆகியவை முதலில் எழுவது இயல்பு. தொழில் என்பது குடிமக்கள் குறையாகப் பதிவாவது அரிது.

பிற நாடுகளில் ஒப்பிடத்தக்கவை

வாழைநார்த் துணிக்கு நெருங்கிய உறவு ஜப்பானின் ஒகினாவாத் தீவில் உள்ளது. அங்குள்ள கிஜோகா என்னும் சிற்றூரில் 'பஷோஃபு' எனும் வாழைநார்த் துணி நெய்யப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் அழியும் நிலைக்கு வந்த இத்தொழிலை, 1946இல் ஊர் திரும்பிய தைரா தோஷிகோ என்ற பெண் ஊர்ப் பெண்களைச் சேர்த்து மீட்டார். 1974இல் ஜப்பான் அரசு இதனை முக்கியமான தொட்டுணரா பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அப்போது பாதுகாப்புச் சங்கம் ஒன்றும் அமைக்கப்பட்டு, திறன் தனியொருவருக்கு உரியதாக அல்லாமல் சங்கத்துக்கு உரியதாக ஏற்கப்பட்டது. அங்கு நாருக்காகவே வாழை வளர்க்கப்படுகிறது. ஒரு கிமோனோவுக்கான துணிக்குச் சுமார் 200 மரங்கள் வேண்டும் என்பர். குலை வெட்டிய தண்டைப் பயன்படுத்தும் அனகாபுத்தூருக்கு அந்தச் செலவு இல்லை.

ஜப்பானின் ஒயித்தா மாகாணத்தில் உள்ள ஒயாமா என்ற மலையூர் வேறு வகை. நெல்லை ஊக்குவித்த அரசுக் கொள்கையை ஏற்காமல், 1961இல் அவ்வூர் மக்கள் பிளம், செஸ்ட்நட் மரங்களை நட்டனர். அவற்றை விற்று ஹவாய்க்குச் சுற்றுலா போவோம் என்பதே அவர்களின் முழக்கம். போகவும் செய்தனர். இதைப் பார்த்த ஆளுநர் ஹிரமாட்சு 1979இல் 'ஓர் ஊர், ஒரு பொருள்' இயக்கத்தைத் தொடங்கினார். இந்தியாவின் 'ஒரு மாவட்டம், ஒரு பொருள்' திட்டம் இதன் வழிவந்தது. ஆனால் ஊர் தானே தேர்ந்த பொருளுக்கும் மாவட்ட அலுவலகம் தேர்ந்து அறிவிக்கும் பொருளுக்கும் வேறுபாடு உண்டு.

இன்றைய சிக்கல்கள்

நார் நெசவுக்குக் கேட்பு இருக்கிறது. நெய்ய ஆள் குறைவு. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடத் தொலைவில் மாதச் சம்பள வேலை கிடைக்கும் ஊர் இது. முழுமையாகத் தேறப் பல ஆண்டுகள் பிடிக்கும் தொழிலை அவர்கள் தேர்ந்தெடுக்க, கூலி உயர வேண்டும். கூலி உயர்ந்தால் சேலையின் விலை உயரும். விலை உயர்ந்தால் வாங்குவோர் சுருங்குவர். சிறிய பைகள், விரிப்புகள், மேலாடைத் துணிகள் போன்ற விலை குறைந்த பொருட்கள் இந்த முடிச்சைச் சற்றுத் தளர்த்தலாம்.

மற்றொன்று இடம். குழித்தறிக்கு வீட்டின் தரையிலேயே பள்ளம் வேண்டும். பாவு நீட்ட நீளமான வெளி வேண்டும். மனை விலை ஏறிய புறநகரில் பழைய வீடு இடிக்கப்பட்டு அடுக்குமாடி எழும்போது தறிக்குழியும் சேர்ந்து மூடப்படுகிறது. புதிய வீட்டின் இரண்டாம் மாடியில் குழி தோண்ட முடியாது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது வெள்ளம் சூழ்ந்த ஊர்களில் அனகாபுத்தூரும் ஒன்று. தறிக்குழியில் நீர் புகுந்தால் பாவு கெடுவதுடன், குழி காய்ந்து மீண்டும் வேலை தொடங்கும்வரை கூலியும் இல்லை. ஆற்றங்கரைக்குச் சற்று மேடான இடத்தில் பல தறிகளை ஒன்றாக அமைக்கும் பொதுத் தறிக்கூடம் இவ்விரு சிக்கலுக்கும் விடையாக அமையலாம். அதற்கான நிலத்தை ஒதுக்கும் அதிகாரம் சங்கத்திடம் இல்லை.