உங்களுக்குத் தெரியுமா? கழுத்து சுமக்கும் 27 கிலோ

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்தால் கழுத்துக்கு அவ்வளவுதான் சுமை. 60 பாகை குனிந்தால், கழுத்து முள்ளெலும்புகள்மீது விழும் விசை சுமார் 27 கிலோவுக்குச் சமம் என்று 2014-இல் கணக்கிட்டார் நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ். கடையில் வாங்கும் 26 கிலோ அரிசிச் சிப்பத்தைவிட ஒரு கிலோ கூடுதல்!

லேப்டாப் முன் நாம் இப்படிக் குனிவதற்குக் காரணம், அதில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதுதான். கைக்கு வசதியாக வைத்தால் திரை தாழ்ந்துவிடும். திரையை உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். நாலு தடித்த புத்தகங்களை அடுக்கி லேப்டாப்பை ஏற்றுங்கள். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரட்டும். தனி கீபோர்டு ஒன்று வாங்கிவிடுங்கள், அந்தச் செலவுக்கு யோசிக்கவே வேண்டாம். நாற்காலியில் கால் தொங்குகிறதா? பரணில் கிடக்கும் பழைய மணைப்பலகையைப் பாதத்துக்கடியில் போடுங்கள்.