நாற்பது நிமிடத்துக்கு ஒரு அல்பம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இசையைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வாலிபர் ஆராதனையில் கீபோர்ட் வாசிப்பவன்தானே என்று நீங்கள் கேட்கலாம். தாளில் எழுதியிருப்பதைப் பார்த்து வாசிப்பேன், அவ்வளவுதான். மற்றபடி நானும் உங்களைப் போலத்தான். பஸ்ஸில் போகும்போது போனில் எது வருகிறதோ அதைக் கேட்பேன். இருபது வினாடிக்குள் பிடிக்காவிட்டால் அடுத்த பாட்டு. ஒரு அல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டதாக ஞாபகமே இல்லை.

இந்தக் குளிர்காலத்தில் அது மாறியது. காரணம் அப்பாவின் கார்.

கடந்த நவம்பரிலிருந்து அப்பாவுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம். ஸ்காபரோவிலிருந்து போக, காலை நெரிசலில் நாற்பது நிமிடம் பிடிக்கும். எனக்கு மாலை வேலை என்பதால் கூட்டிப்போவது நான். முதல் இரண்டு கிழமையும் எங்கள் பேச்சு இவ்வளவுதான்: "மருந்து எடுத்தீங்களா அப்பா?" "ம்." "குளிருதா?" "இல்லை." அதன்பிறகு வைப்பரின் சத்தம் மட்டும்.

அப்பா யாழ்ப்பாணத்தில் சபைப் பாடகர் குழுவில் ரெனர் பாடியவர். இங்கு வந்தும் பல வருடங்கள் பாடினார். டயாலிசிஸ் தொடங்கியதும் "மூச்சுக் காணாது" என்று நிறுத்திவிட்டார். தேநீர் ஊற்றும்போது வாய்க்குள் முணுமுணுப்பாரே, அதுவும் நின்றுவிட்டது.

எங்கள் காரில் போனை இணைக்க வழியில்லை. சீடி போடும் இடம் மட்டும் இருக்கிறது. ஒருநாள் நூலகத்துக்குப் போய், எல்லோரும் "கட்டாயம் கேட்க வேண்டும்" என்று சொல்லும் பழைய அல்பங்கள் சிலவற்றை இரவல் எடுத்து வந்தேன். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: எந்தப் பாட்டையும் தாண்டிப் போவதில்லை.

பாட்டு எப்ப துவங்கும்?

முதலில் போட்டது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ'. 1959இல் வெளிவந்த ஜாஸ் அல்பம். பத்து நிமிடம் பொறுமையாக இருந்த அப்பா கேட்டார்: "தம்பி, பாட்டு எப்ப துவங்கும்?"

"இதில பாடுறவர் இல்லை அப்பா. இதுதான் பாட்டு."

"ஓ" என்றவர் கண்ணை மூடிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஹோட்டல் லிஃப்டில் நிற்பதுபோல இருந்தது. ஆனால் சீடியை மாற்ற மறந்துபோய் அந்தக் கிழமை முழுவதும் அதுவே ஓடியது. மூன்றாம் நாள்தான் முதல் பாட்டின் தொடக்கம் காதில் ஏறியது. பாஸ் ஒரு வரி வாசிக்கிறது. மற்ற வாத்தியங்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்கின்றன. ஒருவர் ஜெபிக்க, சபை 'ஆமென்' சொல்வதுபோல. அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமலே, அடுத்த முறை அந்த இடம் வந்தபோது மெதுவாக "ஆமென்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

இந்த அல்பத்தை ஒலிப்பதிவு செய்ய எடுத்தது இரண்டே நாட்கள். வாசித்தவர்களுக்கு முன்கூட்டி முழு இசைக்குறிப்பு கிடைக்கவில்லை. எந்தச் சுரங்களுக்குள் வாசிக்க வேண்டும் என்ற கோடுகளை மட்டும் மைல்ஸ் கொடுத்தார். அது பதிவான நியூயோர்க் ஸ்டூடியோ ஒரு காலத்தில் ஆலயமாக இருந்த கட்டிடம். இதை ஞாபகத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்தது பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' (1967). உலகமே கொண்டாடுவது. எனக்கு ஒட்டவில்லை. சர்க்கஸ் கூடாரத்துக்குள் தவறி நுழைந்தவன்போல இருந்தேன். ஜோர்ஜ் ஹரிசன் தபேலாவும் தம்புராவும் சேர்த்துப் பாடும் ஒரு பாட்டில் மட்டும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெள்ளைக்காரன் நல்லாத்தான் முயற்சி செய்யிறான்" என்றார். அதற்குமேல் சொல்ல எங்கள் இருவரிடமும் எதுவும் இல்லை.

சண்டையிலிருந்து வந்தவனின் கேள்வி

மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஒன்' (1971) போட்ட அன்று கடும் பனி. கார் ஊர்ந்துகொண்டிருந்தது.

இந்த அல்பத்தில் ஒன்பது பாட்டு. முப்பத்தைந்து நிமிடம்தான். பெரும்பாலும் ஒரு பாட்டு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கிவிடுகிறது. கடைசிப் பாட்டு முடியும்போது முதல் பாட்டின் மெட்டு திரும்பி வருகிறது. அதாவது, ஒன்பதும் சேர்ந்து ஒரே பாட்டு. இதில் ஒன்றிரண்டை நான் முன்பே போனில் கேட்டிருக்கிறேன். ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து இரண்டு வரியைக் கிழித்து வாசித்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிந்தது.

மார்வினின் தம்பி வியட்நாம் யுத்தத்துக்குப் போய் வந்தவர். அங்கு பார்த்ததையெல்லாம் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். இரண்டாவது பாட்டு, சண்டையிலிருந்து வீடு திரும்பும் ஒருவன் பேசுவதுபோல அமைந்தது. ஊரில் என்ன நடக்கிறது, வேலை கிடைக்குமா என்று விசாரிக்கிறான். அப்பாவுக்கு இந்த ஆங்கிலம் பிடிபடாது என்று நினைத்து நான் விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சண்டைக்குள்ளால வந்தவனுக்கு முதல் கேள்வி அதுதான் தம்பி. வேலை எங்க இருக்கு?" என்றார.

அப்பா கனடாவுக்கு வந்தது 1997இல். அம்மாவும் நானும் வந்தது 2001இல். அந்த நாலு வருடம் எங்கள் வீட்டில் பேசப்படாத நாலு வருடம். அன்றைக்குப் பனியில் சிக்கிய காருக்குள் அப்பா அதைப் பேசினார். உணவகத்தில் கோப்பை கழுவியதை, ஆறு பேர் ஒரு பேஸ்மென்டில் படுத்ததை, என் ஐந்தாவது பிறந்தநாளுக்குத் தொலைபேசி அட்டை வாங்கிவைத்தும் லைன் கிடைக்காமல் போனதை. மார்வின் பாடிக்கொண்டே இருந்தார். நான் சத்தத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால் அப்பா நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

அப்பாவை உள்ளே விட்டுவிட்டு, காரிலேயே இருந்து மார்வினைப் பற்றித் தேடிப் படித்தேன். அவருடைய தகப்பனும் ஒரு போதகர். இருவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. 1984 ஏப்ரல் 1ஆம் திகதி, தன் 45ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், தகப்பன் சுட்டு மார்வின் இறந்தார். அதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

சிறைக்குள் ஒரு ஆலயம்

ஜொனி காஷின் 'அற் ஃபோல்சம் பிரிசன்', கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறைச்சாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் 1968 ஜனவரி 13ஆம் திகதி கைதிகளின் முன்னால் பாடிப் பதிவுசெய்தது. பாட்டுகளுக்கு இடையில் ஒலிபெருக்கி அறிவிப்புகளும் கேட்கும். ஆளைப் பெயரால் அழைப்பதில்லை, இலக்கத்தால்.

இதில் எனக்கு ஒரு ஏமாற்றமும் உண்டு. முதல் பாட்டில் ஒருவன் தான் செய்த கொலையைச் சொல்லும் இடத்தில் கைதிகள் ஆரவாரிப்பார்கள். உடம்பு சில்லிடும். அந்த ஆரவாரம் பிறகு ஸ்டூடியோவில் சேர்க்கப்பட்டதாம். சிறைக் காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வரிக்கு யார் கைதட்டுவார்கள் என்று யோசித்தால் சரிதான்.

ஆனால் கடைசிப் பாட்டு பொய்யில்லை. அதை எழுதியவர் கிளென் ஷேர்லி. ஆயுதக் கொள்ளைக்காக அதே சிறையில் இருந்தவர். சிறைக்குள் இருக்கும் கருங்கல் ஆலயத்தைப் பற்றி எழுதி, பாடி ஒரு ரேப்பில் பதிந்திருந்தார். கைதிகளைச் சந்திக்கப் போகும் ஒரு போதகர் அதை ஜொனி காஷிடம் கொடுத்தார். காஷ் முதல் நாள் இரவு அதைக் கேட்டுப் படித்துக்கொண்டு, மறுநாள் மேடையில் பாடினார். தான் எழுதிய பாட்டு பாடப்படப்போகிறது என்று முன்வரிசையில் இருந்த ஷேர்லிக்குத் தெரியாது.

"பிறகு அவனுக்கு என்ன நடந்தது?" என்று அப்பா கேட்டார். காஷின் உதவியோடு 1971இல் விடுதலையானார் என்றேன். வெளியே வாழப் பழக முடியாமல் தவித்து 1978இல் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்பதையும் சொன்னேன். அப்பா நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "வெளியில வந்த பிறகுதான் ஆள் கூட இருக்கவேணும்" என்றார். நம்மில் சிறை ஊழியத்துக்குப் போகிறவர்கள் இந்த வசனத்தைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

"இது எங்கட பாட்டெல்லோ"

போன மாதம் வாலிபர் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னபோது ஒரு தங்கை நேராகவே கேட்டாள்: "அண்ணா, இதெல்லாம் உலகப் பாட்டுத்தானே. நாங்கள் கேட்கலாமா?" அப்போது என்னிடம் சரியான பதில் இல்லை. பதிலுக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோனது அரீத்தா பிராங்ளினின் 'அமேசிங் கிரேஸ்'.

ஃபோல்சம் நிகழ்ச்சிக்குச் சரியாக நாலு வருடம் கழித்து, 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டு இரவுகளில் லொஸ் ஏஞ்சல்ஸின் ஒரு பப்ரிஸ்ட் ஆலயத்தில் இது பதிவானது. அந்த ஆலயம் முன்பு ஒரு சினிமாத் தியேட்டர்! ஆலயமாக இருந்த இடத்தில் ஜாஸ். தியேட்டராக இருந்த இடத்தில் ஆராதனை. கட்டிடங்களுக்கு நம்மைப் போல் குழப்பம் இல்லைபோலும்.

அரீத்தாவுக்கு அப்போது 29 வயது. உலகப் புகழ் பெற்ற பாடகி. போதகரின் மகள். சிறுவயதில் தகப்பனின் ஆலயத்தில் பாடிவிட்டு, 'உலகப் பாட்டு' பாடப் போனவள் என்று சிலர் குறை சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். இரண்டாம் இரவு தகப்பனே எழுந்து பேசுகிறார். அல்பத்தில் அதுவும் இருக்கிறது. தன் மகள் ஆலயத்தை விட்டு ஒருபோதும் போகவில்லை என்று சபையின் முன் சொல்கிறார். எனக்கு மார்வினும் அவருடைய தகப்பனும் ஞாபகம் வந்தார்கள்.

அதே அல்பத்தில் எங்கேயோ கேட்ட மெட்டு ஒன்று வந்தது. மார்வினின் அல்பத்தில் கடைசிக்கு முந்தின பாட்டு! அங்கே அது எனக்குச் சலிப்பாக இருந்தது. விதி மட்டும் இல்லாவிட்டால் தாண்டிப் போயிருப்பேன். இங்கே அரீத்தா அதைப் பாடகர் குழுவோடு ஆராதனையாகவே பாடுகிறார்.

ஒரு வியாழக்கிழமை, திரும்பி வரும் வழி. டயாலிசிஸ் முடிந்தால் அப்பாவுக்குப் பேசவும் தென்பு இருக்காது. தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். அரீத்தா ஒரு பாட்டை மிக மெதுவாக, இழுத்து இழுத்துத் தொடங்கினார். இரண்டு வரி போனதும் அப்பா, "இது எங்கட பாட்டெல்லோ" என்றார். இயேசுவை நண்பராகப் பாடும் அந்தப் பழைய கீதம். நம் பாட்டுப் புத்தகத்திலும் தமிழில் இருப்பது. அரீத்தா ஆங்கிலத்தில் பாட, அப்பா தமிழில், ரெனர் குரலில் சேர்ந்துகொண்டார். தாளம் ஒத்துப்போகவில்லை. மூச்சு இடையிடையே அறுந்தது. சந்தியில் பச்சை விளக்கு விழுந்தும் நான் நகராமல் நிற்க, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

அந்தத் தங்கைக்கு இப்போது என் பதில் இதுதான். நான் கேட்டவற்றில் எல்லாமே நல்லது என்று சொல்லமாட்டேன். கொலையைப் பாடும் பாட்டை என் தம்பிமாருக்குப் போட்டுக் காட்டவும் மாட்டேன். ஆனால் ஒரு மனிதன் வலியோடு சொல்வதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, பிறகு பிரித்துப் பார். இருபது வினாடியில் தீர்ப்புச் சொல்லாதே. நான் அப்படித்தான் பாட்டுகளைத் தாண்டிப் போனேன். என் அப்பாவையும் அப்படித்தான்.

அப்பா பாடகர் குழுவுக்குத் திரும்பவில்லை. ஞாயிறு காலையில் இன்னும் களைப்புத்தான். ஆனால் தேநீர் ஊற்றும்போது சில நாள் சத்தம் கேட்கிறது.

அந்தக் கீதத்தைப் பற்றி ஒரு செய்தி. 1855இல் அதை எழுதிய ஜோசப் ஸ்கிரிவன் அயர்லாந்தில் பிறந்து, நம்முடைய ஒன்ராறியோவில் வாழ்ந்தவர். ஊரில் இருந்த தாயின் ஆறுதலுக்காக எழுதியதாகச் சொல்வார்கள். தாயைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த ஒருவர் எழுதியது என்றதும் அப்பா, "அதுதானே பார்த்தன்" என்றார். ரொறன்ரோவிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீற்றரில் போர்ட் ஹோப். அந்தப் பக்கத்தில், ரைஸ் ஏரிக்கு அருகே அவருடைய கல்லறை இருக்கிறது.

பனி கரைந்ததும், டயாலிசிஸ் இல்லாத ஒரு திங்கட்கிழமை அங்கே போவதாக இருக்கிறோம். அது நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் பயணம். ஜோன் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' எடுத்து வைத்திருக்கிறேன். அதிலும் பெரும்பாலும் வாத்தியங்கள்தான் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.